படிவம் நிரப்பக் கற்பித்தல்: சிறப்புக் கல்வி மாணவர்களுக்கான எழுத்துப் பயிற்சி

கோலாலம்பூரில் சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு எழுதக் கற்பிப்பவர்கள் கட்டுரையை ஒதுக்கிவிட்டுப் படிவத்திலிருந்து தொடங்குவதே நல்லது. கிளினிக்கிலும் வங்கியிலும் அந்த மாணவர்கள் எழுத வேண்டியிருப்பது பெயரும் மைகாட் (மலேசிய அடையாள அட்டை) எண்ணும்தான்.

அந்த 12 இலக்கங்களை மொத்தமாக மனப்பாடம் செய்யச் சொல்லாமல், அட்டையில் உள்ளபடியே 6, 2, 4 எனப் பிரித்துக் கற்பியுங்கள். முதல் ஆறும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பிறந்த தேதியைக் காட்டும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு. 2009 மார்ச் 5 அன்று கோலாலம்பூரில் பிறந்தவரின் எண் 090305-14 என்று தொடங்கும். தன் பிறந்த நாளை அறிந்த பிள்ளைக்குப் பாதி எண் அப்போதே வசமாகிவிடும்.

பெரிய கட்டங்கள் வரைந்த தாளில், முதலில் புள்ளிக்கோட்டின்மீதும், பிறகு மாதிரியைப் பார்த்தும் எழுதச் செய்து, அதன்பின் மாதிரியின் இலக்கங்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மறைத்து வாருங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் எண்ணை முடித்துவைப்பவர் மாணவராகவே இருப்பார். உண்மையான படிவங்களில் கட்டங்கள் எரிச்சலூட்டும் அளவுக்குச் சிறியவை. ஆகவே, பயிற்சித் தாளிலும் அவற்றைப் படிப்படியாகச் சுருக்குங்கள்.

முகவரிக்கும் இதே முறை போதும். பிரிக்பீல்ட்ஸில் வசிப்பவர் 50470 என்னும் அஞ்சல் குறியீட்டை முதலில் பழகட்டும். அட்டையைப் பார்த்து எழுதுவதைத் தடுக்க வேண்டாம், பெரியவர்களில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். விரல்களில் வலுக் குறைந்தவருக்குத் தடித்த பென்சிலைக் கொடுங்கள். அதுவும் கடினமானால், அதே விவரங்களைக் கைப்பேசியில் தட்டச்சு செய்யப் பழக்குங்கள்.