மெட்டல் விடுகதை: போடுவதும் அவிழ்ப்பதும்

2007 மார்ச் 17 அன்று பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் ராக் பேண்டான அயர்ன் மெய்டன் வாசித்தார்கள். மறுநாள் ரயிலில் சென்னை திரும்பும்போது எங்கள் ஐந்து பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. ஜோலார்பேட்டை தாண்டியதும் என் தம்பி டிக்கெட்டின் பின்பக்கம் ஒரு வரி எழுதி நீட்டினான்: "பீரங்கிக்கு நேரே பாய்ந்த அறுநூறு பேரில் ஒருவன்."

விடை மெய்டனின் 'தி ட்ரூப்பர்' (குதிரைப்படை வீரன்) பாட்டு. 1854-இல் பாலக்லாவாவில் ஆங்கிலேயக் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தது. ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் அதைக் கவிதையாக்கினார், அறுநூறு என்ற கணக்கு அவருடையது. மெய்டன் 1983-இல் பாட்டாக்கினார்கள். ஒரு வரிக் குறிப்பு கொடுத்து எந்த மெட்டல் பாட்டு என்று கண்டுபிடிக்கச் சொல்வதுதான் விளையாட்டு. அன்று தொடங்கியது, இன்னும் மாதம் ஒரு சனிக்கிழமை பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் நடக்கிறது. நீங்களும் ஆட நினைத்தால், நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. தலைப்பைத் தமிழாக்குவது விடுகதை ஆகாது. "இருட்டு என்றால் பயம்" என்று எழுதினால் மெய்டனின் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' என்று அரை நொடியில் சொல்லிவிடுவார்கள். அதில் போட்டவருக்கும் வேலை இல்லை, அவிழ்ப்பவருக்கும் வேலை இல்லை. பாட்டை ஹெட்போனில் மூன்று முறை கேளுங்கள். அது யாருடைய கதை, எதில் தொடங்குகிறது, தலைப்பு பாட்டுக்குள் எங்கே வருகிறது என்று பாருங்கள். பிளாக் சபாத் பேண்டின் 'பாரனாய்ட்' பாட்டில் அந்தச் சொல்லே வராது. அது ஒன்றே ஒரு நல்ல குறிப்பு.

நான் போட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இது: "கை போச்சு, கால் போச்சு, பார்வையும் கேள்வியும் பேச்சும் போச்சு, மிச்சம் எத்தனை?" மெட்டாலிகா பேண்டின் 'ஒன்' (ஒன்று), 1988. டால்டன் ட்ரம்போ 1939-இல் எழுதிய நாவலில் வரும் முதல் உலகப்போர் சிப்பாயின் நிலை அது. உடம்பில் எல்லாம் போய் மனம் மட்டும் விழித்திருக்கிறது. விடை தெரிந்ததும் மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. குறிப்பில் இருந்த ஒவ்வொரு சொல்லும் பாட்டுக்குள் இருந்து வந்தது, 'எத்தனை' உட்பட. நல்ல விடுகதைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்.

தமிழில் நமக்கு சிலேடை கைவந்த பழக்கம். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பா பாடினார் காளமேகம். ஸ்லேயர் பேண்டின் 1986 ஆல்பம் 'ரெயின் இன் பிளட்', அதன் கடைசிப் பாட்டு 'ரெய்னிங் பிளட்'. முதலாவது ஆட்சி, இரண்டாவது மழை. ஆக, "ஆல்பத்தில் ஆட்சி, பாட்டில் மழை, காதுக்கு இரண்டும் ஒன்று." இன்னொன்று பக்கத்து வீட்டு அக்கா போட்டது: "பட்டேலுக்குப் பட்டம், பர்மிங்காமில் பாட்டு." பள்ளிப் பாடத்தில் இரும்பு மனிதரைப் படித்தவர்களுக்கு பர்மிங்காம் பேண்டான சபாத்தின் 'அயர்ன் மேன்' வந்துவிடும். அக்கா மெட்டல் கேட்கத் தொடங்கி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அப்புறம், நியாயம். ஒரு குறிப்புக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். ஒருமுறை நான் "மணி அடித்தது, பாட்டு தொடங்கியது" என்று எழுதினேன். மனதில் வைத்திருந்தது மெட்டாலிகாவின் 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்'. தம்பி 'ஹாலோட் பி தை நேம்' என்றான். அக்கா 'ஹெல்ஸ் பெல்ஸ்' என்றார். இன்னொருவர் 'பிளாக் சபாத்' என்றார். நான்கிலும் தொடக்கத்தில் மணி அடிக்கிறது! மூன்று பேர் சொன்னதும் சரி, தவறு என் குறிப்பில். அன்று இரவு உட்கார்ந்து நான்கையும் பிரித்து எழுதினேன். மழையோடு மணி அடித்து, பாட்டுக்கும் ஆல்பத்துக்கும் பேண்டுக்கும் ஒரே பெயர் என்றால் சபாத். தூக்குமேடைக்குப் போகிறவன் கேட்கும் மணி என்றால் மெய்டன். நரகத்து மணி என்றால் 'ஹெல்ஸ் பெல்ஸ்' பாடிய ஏசி டிசி பேண்ட். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அடித்த மணி என்றால், ஹெமிங்வே நாவலில் இருந்து பெயர் எடுத்த மெட்டாலிகா. எழுதியதும் இப்படிச் சோதியுங்கள்: வேறு எந்தப் பாட்டாவது இதற்குள் நுழைகிறதா? நுழைந்தால் இன்னும் ஒரு சொல் சேர்த்துக் கதவை அடைத்துவிடுங்கள்.

அவிழ்ப்பவர்களுக்கு ஒரு வழி. தமிழில் கேள்வி பெரும்பாலும் கடைசிச் சொல்லில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 'ஒருவன்' என்று முடிந்தால் ஆள், 'எத்தனை' என்றால் எண். "1953-இல் மணி என்ன?" என்று தம்பி கேட்டபோது எல்லோரும் அந்த வருஷத்தையே பிடித்துக்கொண்டு திணறினார்கள். நான் கடைசியில் இருந்து வந்தேன். மணி என்றால் நேரம், ஒரு வருஷம் முழுக்க ஒரே நேரம் காட்டும் கடிகாரம் எது? உலக அழிவு எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதை நள்ளிரவை வைத்துக் காட்டும், அணு விஞ்ஞானிகளின் டூம்ஸ்டே கடிகாரம். ஹைட்ரஜன் குண்டு வந்தபின் 1953-இல் அது நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் காட்டியது. '2 மினிட்ஸ் டு மிட்நைட்', மெய்டன், 1984.

மதிப்பெண்ணை உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதல் குறிப்பில் சொன்னால் மூன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. இரண்டாவது குறிப்பாக வருஷத்தைக் கொடுங்கள், முதல் எழுத்தைக் கொடுக்காதீர்கள். எழுத்தைக் கொடுத்தால் பாட்டை யோசிக்காமல் பெயரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

விடை வந்ததும் பாட்டை முழுசாகப் போடுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். 'ஒன்' பாட்டின் பின்பாதியில் டிரம்ஸ் எந்திரத் துப்பாக்கி போல வெடிக்கும் இடத்தை அக்கா முதன்முதலில் கவனித்தது அப்படித்தான்.

அடுத்த சனிக்கிழமைக்கு நான் எழுதி வைத்திருப்பது: "1798-இல் செத்த பறவைக்கு 1984-இல் அழுதது யார்? யோசிக்கப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் இருக்கிறது."