சிகாகோ டூ-ஃப்ளாட்டை ஒரே வீடாக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். சிகாகோவில் 25 அடி அகல மனைகளில் இப்படி நூறு வருஷத்துக்கு முன்பு கட்டிய டூ-ஃப்ளாட்கள் தெருத்தெருவாக நிற்கின்றன. அதில் ஒன்றை வாங்கி, இரண்டு தளத்தையும் இணைத்துத் தனி வீடாக்கிக்கொள்ள ஆசைப்படுபவர்கள் நிறைய. "குடித்தனங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால்தான் அனுமதி வேண்டும், குறைப்பதற்கு எதற்கு?" என்று அவர்கள் நினைப்பதுதான் முதல் தவறு. அதிகம் செலவு வைப்பதும் அதுதான்.

பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கிய 606, 2015இல் திறந்தது. அதை ஒட்டிய தெருக்களில் வாடகை ஏறியது. டூ-ஃப்ளாட்கள் பலவும் பெரிய தனி வீடுகளாயின. வாடகை வீடுகளைக் காப்பாற்ற 2021இல் நகர மன்றம் அந்தப் பகுதியிலும் பில்சன் என்ற பகுதியிலும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2024இல் வடமேற்குப் பகுதியில் அவான்டேல், ஹெர்மோசா வரை அது விரிந்தது. அங்கே குறிப்பிட்ட மண்டலங்களில் (எங்கே எந்த வகை வீடு கட்டலாம் என்று நகரம் வகுத்த பகுதிகளில்), பிளாக்கில் பாதிக்கு மேல் பல குடித்தன வீடுகளாக இருந்தால், உங்கள் வீட்டை மட்டும் ஒற்றை வீடாக்குவது பொதுவாக நடக்காது. மண்டலத்தையே மாற்றக் கேட்டு ஆல்டர்மேனிடம், அதாவது உங்கள் வட்டார நகர மன்ற உறுப்பினரிடம், போக வேண்டியிருக்கும். இந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்பதே என் கருத்து. எப்படியானாலும் விலை பேசும் முன்பே முகவரியை நகரின் மண்டல வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் "பார்த்துக்கலாம்" என்பது போதாது.

அடுத்தது, மேல் தளத்துச் சமையலறை. அனுமதி எடுக்காமல் அடுப்பையும் சிங்கையும் கழற்றிவிட்டு, சுவருக்குள் போகும் கேஸ் குழாயை மூடி, மேலே பூசிவிடுகிறார்கள். குழாயை யார் மூடினார், கசிவு சோதனை நடந்ததா என்பதற்கு எந்தத் தாளும் இருக்காது. நகரப் பதிவிலோ அது இன்னமும் இரண்டு குடித்தனம்தான். சிகாகோவில் ஐந்து அல்லது அதற்குக் குறைந்த குடித்தனங்கள் உள்ள வீட்டை விற்க மண்டலச் சான்றிதழ் வேண்டும். பதிவில் உள்ள எண்ணிக்கையும் வீட்டில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் விற்பனை அங்கேயே சிக்கிக்கொள்ளும். பேஸ்மென்டில் யாரோ எப்போதோ சேர்த்த மூன்றாவது வீட்டுக்கும் இதே கதைதான்.

அப்புறம், "வேண்டுமானால் பிறகு பிரித்துக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கை. ஆர்எஸ் மண்டலங்களில், அதாவது முக்கியமாகத் தனி வீடுகளுக்கான மண்டலங்களில், பல டூ-ஃப்ளாட்கள் பழைய விதியின் தயவில் நிற்பவை. ஒருமுறை முறைப்படி ஒன்றாக்கினால் அந்தச் சலுகை போய்விடும். வயதான பெற்றோரையோ வளர்ந்த பிள்ளையையோ மேலே தனிக்குடித்தனம் வைக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், உள்படிக்கட்டு மட்டும் வைத்து இரண்டு குடித்தனமாகவே விடலாமா என்று ஆர்க்கிடெக்டிடம் கேளுங்கள்.

மேலே வாடகைக்கு ஆள் இருந்தால் கான்ட்ராக்டருக்குத் தேதி கொடுக்க அவசரப்பட வேண்டாம். மூன்று வருஷத்துக்கு மேல் குடியிருப்பவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால் 120 நாளுக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல், மூன்று வருஷத்துக்குள் என்றால் 60 நாள்.