கத்தரிக்கோல், பசை, ஜெராக்ஸ்: போராட்டச் சுவரொட்டிக்கு ஒட்டுப்படம் செய்யும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சுவரொட்டி ஒட்டினால் பாதிப் பேர் தமிழில் படிப்பார்கள், மீதிப் பேர் மலையாளத்தில் படிப்பார்கள். படத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. போன கோடையில் எங்கள் கிணறுகள் வற்றிக் கிடக்க, பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல்லிலிருந்து டேங்கர் லாரிகள் தண்ணீர் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. அதை எதிர்த்து ஒரு ஃபோட்டோமாண்டேஜ், அதாவது போட்டோக்களை வெட்டி ஒட்டிச் செய்யும் ஒட்டுப்படம் செய்தேன். கிணற்றுக்குள் பெரிய ஸ்ட்ரா, அதன் மறுமுனையில் லாரி. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

படங்களைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு படம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் வேண்டாம். ஜெர்மனியில் ஜான் ஹார்ட்ஃபீல்ட் என்ற ஓவியர் ஹிட்லரை எதிர்த்து 1932-இல் செய்ததைப் பாருங்கள். மேடையில் முழங்கும் ஹிட்லரின் போட்டோ, அதன் மேல் நெஞ்சு எக்ஸ்ரே, முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் அடுக்கிய காசுகள். ‘தங்கத்தை விழுங்குகிறார், தகரத்தைப் பேசுகிறார்’ என்று ஒரு வரி (ஜெர்மன் பேச்சில் தகரம் பேசுவது என்றால் உளறுவது). யார் பணத்தில் அந்தக் குரல் வருகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஊரைப் பற்றிய படமென்றால் போட்டோவை நீங்களே எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் கிணறு உங்கள் ஊர்க் கிணறு ஆகாது. எங்கள் கிணற்றின் உடைந்த கைப்பிடிச் சுவரைப் பார்த்ததுமே பெண்கள் அடையாளம் சொன்னார்கள்.

வெளிச்சம்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கிணற்றைக் காலையில் எடுத்தேன், லாரியைச் சாயங்காலம் எடுத்தேன். ஒட்டிப் பார்த்தால் கிணற்றின் நிழல் இடப்பக்கம், லாரியின் நிழல் வலப்பக்கம். பார்த்தவர்கள் ‘என்னமோ உதைக்குதே’ என்றார்களே தவிர, தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சரி என்று லாரியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்செடுத்தேன். நிழல் பொருந்தியது, ஆனால் லாரியில் இருந்த எழுத்தெல்லாம் இடவலம் மாறிப் போனது. கடைசியில் மறுநாள் காலை அதே நேரத்துக்குப் போய், அதே பக்கம் நின்று, அதே உயரத்தில் போனைப் பிடித்து லாரியை எடுத்தேன். அரை மணி நேர வேலை. முதலிலேயே செய்திருந்தால் இரண்டு நாள் மிச்சம். நம்பர் பிளேட்டை மட்டும் மறைத்துவிடுங்கள். நம் சண்டை டிரைவரோடு இல்லை.

வெட்டுவதும் ஒட்டுவதும்

எல்லாப் படத்தையும் முதலில் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுங்கள். வெவ்வேறு போட்டோக்களின் நிறம் ஒட்டாமல் நிற்பது அதிலேயே பாதி சரியாகிவிடும். வெளிக்கோட்டுக்குக் கத்தரிக்கோல், உள்வளைவுக்குப் புது பிளேடு. போனிலேயே வெட்டி ஒட்டும் ஆப்கள் உண்டு. எனக்குக் காகிதம்தான் பிடிக்கும். துண்டை மேசையில் நகர்த்தி நகர்த்திப் பார்க்கும்போதுதான் யோசனையே வருகிறது.

வெட்டிய துண்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். மறு ஜெராக்ஸில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஒட்டுவதற்கு முன் துண்டைக் கவிழ்த்துப் பிடித்து, ஓரம் முழுக்கக் கறுப்புப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். அப்புறம் பசைக் குச்சியால் ஒட்டுங்கள். தண்ணீராக இருக்கும் பசை காகிதத்தைச் சுருக்கிவிடும். காய்ந்ததும் ஏ3 அளவில் மறுபடி ஜெராக்ஸ்.

வரி

வாசகத்தைப் படத்தின் கீழே எழுதாமல் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். நான் எழுதியது: ‘குடிப்பது யார்?’ அதையே மலையாளத்திலும்.

பின்னால் சேர்த்தது

இதைப் படித்த ஒரு தம்பி, காய்ந்த ஏரியில் பெருங்கூட்டம் நிற்பதுபோல ஒட்டினான். வாட்ஸ்அப்பில் அது உண்மைப் போட்டோவாகவே சுற்ற ஆரம்பித்துவிட்டது. எதிர்த்தரப்பு ‘எல்லாமே பொய்’ என்று சொல்ல அது போதுமானதாகிவிட்டது. அதனால் நடக்கவே முடியாத ஒன்றைக் காட்டுங்கள். காசு முதுகெலும்பை யாரும் நிஜமென்று நம்பமாட்டார்கள்; அது சொல்லும் உண்மையை நம்புவார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பிளாச்சிமடை கிராமம். 2002-இல் அந்த ஊர் ஆதிவாசிப் பெண் மயிலம்மாவும் மற்றப் பெண்களும் கோகோ கோலா குளிர்பான ஆலை வாசலில் போராட்டமாக உட்கார்ந்தார்கள். 2004-இல் ஆலை நின்றது. அவர்கள் சொன்னது கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரின் உண்மையை. நம் படமும் அந்த அளவுக்கு நேர்மையாக இருக்க வேண்டும்.

சுவரில் ஒட்ட மைதாப் பசை போதும். காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. கிளறிய பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஆடு எட்டும் உயரத்துக்கு மேலேயே ஒட்டுங்கள்.