திரும்ப வந்துடுமோ: கண்ணை மூடி உட்காரும்போது நடக்கும் தவறுகள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரன்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் நோய் திரும்ப வந்துடுமோ என்ற பயத்தில், செக்கப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தூக்கம் போய்விடும். குளிக்கும்போது கை தானாக அக்குளைத் தடவிப் பார்க்கும். "அதையே நினைக்காதே, பாசிட்டிவா இரு" என்பார்கள் வீட்டில். குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்ற கதைதான். பிறகு யாராவது மைண்ட்ஃபுல்னஸ் (இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் தியானம்) பழகச் சொல்வார்கள். நல்ல யோசனை. ஆனால் அதையும் குரங்கை விரட்டும் கம்பாகக் கையில் எடுப்பதில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது.

பயம் வந்தால், "வந்திருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது" என்று பார்த்துவிட்டு, அதோடு வாதாடாமல் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்துக்குத் திரும்புவது. பயிற்சி அவ்வளவுதான். பயம் போச்சா, போச்சா என்று நிமிஷத்துக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகராது. "பத்து நாள் உட்கார்ந்தேன், பயம் போகலை, எனக்கு இது சரிப்படாது" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான். பயம் இருக்கும்போதே வெங்காயம் அரிய முடிந்தால் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் வேறு. 1979-இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியில், உடம்பை ஒவ்வொரு பாகமாகக் கவனித்து வருவது முக்கியமான பாடம். புற்றுநோய் வந்து போனவர் அதைச் செய்யும்போது கவனம் மார்புக்கு வந்ததும், "இங்கே கனமா இருக்கே, நேத்து இல்லையே" என்று தோன்றும். அந்த நொடியில் தியானம் முடிந்து தேடுதல் வேட்டை தொடங்கிவிடுகிறது. உற்றுக் கவனித்தால் எந்த இடமும் குறுகுறுக்கும் (இப்போதே உங்கள் இடது குதிகாலைக் கவனித்துப் பாருங்களேன்). போதாக்குறைக்கு, சிகிச்சைக்குப் பிறகு தரும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு விரலிலும் முழங்காலிலும் மூட்டுவலி சகஜம். அதுவே "எலும்புக்குப் போயிடுச்சோ" என்று ஆகிவிடும்.

இப்படிப்பட்டவர்கள் கொஞ்ச நாளைக்கு உடம்பை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கவனிப்பது நல்லது. ஃபேன் ஓடுவது, பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் கீரைக்காரம்மா குரல். ஒன்றைக் கேட்டு, அதை விட்டு அடுத்ததற்குப் போய், பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பது. இந்தப் பயத்துக்கென்றே ஆஸ்திரேலியாவில் உருவான 'கான்கர் ஃபியர்' சிகிச்சையிலும் கவனத்தை இடம் மாற்றிப் பழகும் பயிற்சி உண்டு.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலும் "எல்லாம் பயம்தான், கவனிச்சிட்டு விட்டுடலாம்" என்று இருந்துவிடுவது. கட்டி என்றால் உடனே, புது வலி இரண்டு வாரம் தாண்டினால் அப்போது, டாக்டரிடம் போயே ஆக வேண்டும். முதல் மூன்று வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை செக்கப், வருஷத்துக்கு ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) என்ற வழக்கத்தை எந்தத் தியானத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. அதற்காக மாதாமாதம் லேபுக்குப் போய் சிஏ 15-3 என்ற புற்றுநோய் ரத்தப் பரிசோதனை பார்ப்பதும் வேண்டாம். அந்த அளவு ஈரல் கோளாறிலும் ஏறும். அறிகுறி இல்லாதவர்களுக்கு அதை வழக்கமாகப் பார்க்கச் சொல்வதில்லை. நார்மல் என்று வந்த ரிப்போர்ட்டின் நிம்மதியும் நாலு நாள்தான்.

ஸ்கேனுக்கு முந்தின ராத்திரி முதல்முறையாக ஒரு மணி நேரம் உட்காருவது, கிணற்றில் விழுந்தபின் நீச்சல் பழகுவது மாதிரி. சாதாரண நாட்களில் பத்து நிமிஷம் போதும். கண்ணை மூடினால் கீமோ வார்டு ஞாபகம் வருகிறதா? திறந்தே வைத்துக்கொள்ளுங்கள், நடந்துகொண்டே செய்யுங்கள்.

பயத்தால் வேலை ஓடவில்லை, செக்கப்புக்கே போகப் பிடிக்கவில்லை என்றால் தனியாக உட்கார்ந்து பழகுவது போதாது, மனநல ஆலோசகர் தேவை. முழங்கால் வலி முதல் மலச்சிக்கல் வரை டாக்டரிடம் சொல்லும் பலர் இதை மட்டும் சொல்வதில்லை. "வலி இல்லை டாக்டர், பயமா இருக்கு" என்று அடுத்த செக்கப்பில் சொல்லிப் பாருங்கள்.