"நல்லாக் குலைக்குமோ?" என்று கேட்டு நாய் எடுக்க வேண்டாம்

நாய்க் காப்பகத்து வாசலில் நின்று எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். "கடுவன் குட்டி இருக்கோ?" "நல்லாக் குலைக்குமோ?" மூன்று வருடத்துக்கு முன் நானும் அதைத்தான் கேட்டேன். கள்ளர் பயம், வளவுக்கு ஒரு காவல் வேணும், அவ்வளவுதான் என் எண்ணம். அங்கே எனக்குக் கிடைத்தது இரண்டு வயது மண்ணிறப் பெட்டை. படலையைத் திறந்ததும் மாமி கேட்டா, "பெட்டையையோடா கொண்டு வந்தனீ?"

முதல் தவறு இந்தக் கேள்விதான். பெட்டை வேண்டாம் என்று ஒவ்வொரு வீடும் ஒதுக்குவதால்தான் சாக்கில் கட்டின குட்டிகள் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் கிடக்கின்றன. நாய் சினைப்பட்டால் சுமார் 63 நாளில் குட்டி. வருடத்துக்கு இரண்டு தரம் பருவத்துக்கு வரும். ஒரு கருத்தடைச் சத்திரசிகிச்சையோடு இந்தக் கணக்கு முடிந்துவிடும். "ஒருக்கா குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்பது வெறும் பேச்சு. முதல் பருவத்துக்கு முன்னரே கருத்தடை செய்த பெட்டைக்கு முலைக்கட்டி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. கடுவனையும் விட்டுவிடாதீர்கள். குட்டி போடுவது அது இல்லை என்பதற்காக அதற்குப் பங்கில்லை என்றாகாது.

இரண்டாவது தவறு என்னுடையது. கொண்டு வந்த அன்றிரவே, பாவம் என்று சங்கிலியைக் கழற்றிவிட்டேன். பக்கத்துக் கோயிலில் வெடி கொளுத்தினார்கள். வேலியில் கிடுகு உக்கிப்போன ஓர் இடம் இருந்தது, எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் ஓட்டோ பிடித்து ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினேன். காப்பக நாய்க்குப் புது வீடு என்பது முதலில் பயம்தான். மூன்று நாள் ஒடுங்கிக் கிடக்கும், மூன்று கிழமையில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில்தான் இது தன் வீடு என்று நம்பும். அனுபவக்காரர் சொல்லும் கணக்கு இது. முன்பின் ஆகலாம். அதுவரை வேலியைச் சுற்றிப் பாருங்கள், வெளியே போனால் வாரில் பிடியுங்கள், சொந்தக்காரரைக் கூட்டிவந்து காட்சிக்கு வைக்காதீர்கள். குலைக்கவில்லையே என்று திருப்பிக் கொண்டுபோய் விடுகிறவர்கள் பலர் முதற்கிழமையிலேயே அதைச் செய்கிறார்கள். எங்கள் வீட்டு நாய் இரண்டாம் மாதம்தான் வாய் திறந்தது. இப்போது மாமிக்கு அதை நிப்பாட்டத் தெரியவில்லை.

சாப்பாட்டில் எங்கள் ஊருக்கே உரிய தவறுகள் உண்டு. மிச்சக் கறியைச் சோற்றில் குழைத்துப் போடுவது பழக்கம். அந்தக் கறியில் வெங்காயமும் உள்ளியும் கரைந்திருக்கும். இரண்டும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைப்பவை. வலிகாமத்து வெங்காயம் எங்களுக்கு நல்லது, அதற்கு இல்லை. சமைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலில் குத்தும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லாவிட்டால் நாய் சமாளிக்கும், பருப்பும் சோயா மீற்றும் போடலாம். பூனை அப்படியில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டோரின் என்ற சத்து இல்லாவிட்டால் நாளடைவில் கண்ணும் இதயமும் பழுதாகும். வளவின் மூலையில் ஒரு சட்டி வைத்து அதற்கு மட்டும் மீன் அவித்தால் விரதம் கெடாது என்பது என் கட்சி.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும், நாய்க்கும் ஈரல் பழுதாகும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசுவதும், தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கரைத்து ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. நாய் உடம்பை நக்கும், நஞ்சு வயிற்றுக்குப் போகும். நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவுவதும் அதே ஆபத்துத்தான். உண்ணிக் காய்ச்சல் வந்தால் சாப்பாட்டை மறுக்கும், பல் முரசு வெளிறும், சிலவேளை மூக்கால் இரத்தம் வரும். அப்போது மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

காப்பகத்தில் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை வருடா வருடம் போட வேண்டும், சுகாதாரப் பகுதியினர் ஊருக்கு வந்து இலவசமாகப் போடும் நாளைத் தவறவிடாதீர்கள். குட்டிகளுக்கு பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான ஊசிகளைப் பல தவணையாகப் போட வேண்டும், ஒன்றோடு நிறுத்தினால் பலனில்லை. யாரையாவது கடித்துவிட்டால், "குட்டிதானே" என்று விடாமல் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். விசர் அறிகுறி தெரியத் தொடங்கினால் அநேகமாகப் பிழைப்பதில்லை. உள்ளூராட்சி சபையில் நாயைப் பதிவதற்கும் சட்டம் உண்டு. 1901இல் வந்த சட்டம் அது. எங்களில் எத்தனை பேர் பதிந்தோம் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

பகலெல்லாம் மாமரத்தில் சங்கிலி, இரவில் ஒழுங்கையில் அவிழ்த்துவிடுதல். காவல் என்று நினைத்துச் செய்வது இது. கட்டிக் கிடந்து எரிச்சலேறிய நாய் கடிப்பது கள்ளனை அல்ல, ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளையை.

கடைசியாக, வெளிநாடு. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பக்கமாக நடந்த சனத்துக்கு நாயைக் கூட்டிப்போக வழியிருக்கவில்லை. விசாவுக்குப் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. நாய்க்கு 10 முதல் 15 வருட ஆயுள். எடுக்கும்போதே கனடாவோ லண்டனோ மனதில் இருந்தால், யார் பொறுப்பு என்று முதலே பேசிவையுங்கள். லண்டனுக்குக் கூட்டிப்போவதென்றால் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், விசர்த் தடுப்பூசி, அதற்கு 30 நாளாவது கழித்து இரத்தப் பரிசோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு என்று நாலு மாதமாவது பிடிக்கும். "பக்கத்து வீட்டாக்கள் சோறு போடுவினம்" என்று பயணப்படுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்? என் மண்ணிறக்காரி காப்பகத்துக்கு வந்ததும் அப்படித்தான். பூட்டின கேற்றடியில் எட்டு நாள் படுத்திருந்தாளாம்.