ஹீலியம் ஒளியை நம்பி ஏமாறும் இடங்கள்

ஹீலியம் வாயுவுக்குள் புரோட்டான் கற்றையைப் பாய்ச்சி, வரும் ஒளியை எண்ணினால் எந்த ஆற்றல் நிலைக்கு எத்தனை அணுக்கள் கிளர்ந்தன, அதாவது மோதலால் மேலே ஏறின, என்று தெரிந்துவிடும் என்றுதான் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் எண்ணுகிற ஒளி முழுவதும் அந்த ஒரே மோதலில் பிறந்ததல்ல.

501.6 நானோமீட்டர் பச்சை வரியையே (ஹீலியம் நிறமாலையில் அந்த ஒரு அலைநீளத்தில் தெரியும் கோடு) பாருங்கள். அந்த ஒளியைத் தரும் நிலைக்கு ஏறிய 100 அணுக்களில் 97, 98 அணுக்கள் 53.7 நானோமீட்டர் புற ஊதா ஒளியை விட்டு நேரே தரை நிலைக்கு, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கு, இறங்கிவிடும். இரண்டு மூன்றுதான் பச்சை ஒளி தரும். அந்தப் புற ஊதா ஃபோட்டான் அறையை விட்டுத் தப்புவதற்குள் இன்னொரு ஹீலியம் அணு அதை விழுங்கி அதே நிலைக்கு ஏறும். பச்சை ஒளிக்கு மறுபடி ஒரு வாய்ப்பு! அழுத்தம் கூடக் கூட இது தொடரும். புரோட்டான் செய்யாத வேலையை அதன் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரே அழுத்தத்தில் அளந்துவிட்டு நிறுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஒளியை அழுத்தத்தால் வகுத்து வரைபடம் போடுங்கள். கோடு மேலே ஏறினால் அழுத்தத்தைக் குறையுங்கள், அது படுக்கையாகும் வரை.

அந்த அழுத்த எண்ணும் சரியாக இருக்க வேண்டும். அயனி வகை அழுத்தமானிகள் பெரும்பாலும் நைட்ரஜனுக்கு அளவுதிருத்தப்பட்டவை. ஹீலியத்தில் அவை காட்டுவது உண்மையான அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அப்புறம் 587.6 நானோமீட்டர் மஞ்சள் வரி. இது மும்மை நிலையிலிருந்து (அணுவின் இரு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சியும் ஒரே பக்கம் இருப்பது) வருவது. ஹீலியத்தின் தரை நிலையோ ஒற்றை நிலை (இரண்டும் எதிரெதிராக இருப்பது). ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எலெக்ட்ரானின் தற்சுழற்சி மாற வேண்டும், அல்லது எலெக்ட்ரானே இடம் மாற வேண்டும். புரோட்டானிடம் மாற்றிக்கொள்ள எலெக்ட்ரான் ஏது? ஆகவே புரோட்டான் கற்றையில் மஞ்சள் வரி தெளிவாகத் தெரிந்தால், வேறு யாரோ உள்ளே வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம்: மோதலில் தெறித்த இரண்டாம்நிலை எலெக்ட்ரான்கள், அல்லது வழியில் எலெக்ட்ரானைப் பிடித்து ஹைட்ரஜன் அணுவாகிவிட்ட புரோட்டான்கள். இந்த வரியைத் தேவையில்லை என்று ஒதுக்காதீர்கள். உங்கள் அளவீட்டில் கலப்படம் எவ்வளவு என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்லும் சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஹீலியம் அயனிக் கற்றைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதனிடம் ஒரு எலெக்ட்ரான் இருக்கிறது, மும்மை நிலைகளை அதுவே உண்டாக்கும்.

எலெக்ட்ரானைப் பிடித்த அயனி, கற்றையின் அளவைக் காட்டும் ஃபாரடே கிண்ணத்தின் (அயனிகளைப் பிடித்து மின்னோட்டமாக அளக்கும் உலோகக் கிண்ணம்) மின்னோட்டத்திலும் சேராது. கிண்ணத்தின் சுவரிலிருந்து தெறித்து வெளியேறும் எலெக்ட்ரான்களோ மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டும். வாயிலில் எதிர் மின்னழுத்த வளையம் வைத்தால் அவை உள்ளேயே திரும்பிவிடும்.

மேல்நிலைகளிலிருந்து படிப்படியாக இறங்கி வரும் அணுக்களும் உங்கள் வரியில் சேரும். அந்தப் பங்கைக் கழிக்காத வரை கையில் இருப்பது ஒளிர்வு எண்தான் (எவ்வளவு ஒளி வந்தது), கிளர்வு எண் (மோதலே எத்தனை அணுக்களை ஏற்றியது) அல்ல.

கடைசியாக, தளவிளைவு, அதாவது ஒளியின் அதிர்வு ஒரு தளத்தில் மற்றதைவிட அதிகமாக இருப்பது. கற்றைக்கு 90 டிகிரியில் பார்த்துவிட்டு, ஒளி எல்லாத் திசையிலும் சமமாகப் போகிறது என்று வைத்துக்கொள்வது சரியில்லை. 54.7 டிகிரியில் பார்த்தால் கோணப் பிழை விலகும். ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கிரேட்டிங் ஒரு தளத்து ஒளியை மற்றதைவிட அதிகமாக விடும், அதைத் தனியாகச் சோதியுங்கள். 504.8 நானோமீட்டர் வரி எஸ் நிலையிலிருந்து (எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான நிலை) வருவதால் அதற்குத் தளவிளைவே கிடையாது. அதிலும் தளவிளைவு தெரிந்தால் கோளாறு கருவியில்தான்.