நம்ம எம்எல்ஏ ஓட்டுக்கு மதிப்பு 176: ஜனாதிபதி தேர்தலில் தமிழ்நாட்டின் பங்கைக் கணக்குப் போடுவது எப்படி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஒரு சின்ன வகுப்பு நடக்கும், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர், கூடவே கேட்டுக்கொண்டிருக்க வருகிற பெரியவர்கள் சிலர். அப்படி ஒரு நாள் படகுக்காரர் ஒருவர், எனக்கு மாமா முறை, கேட்டார்: "அந்தக் கரையில தலைமன்னார்ல இருக்கிற சனம் ஜனாதிபதிக்கு நேரா ஓட்டுப் போடுது. நம்ம ராமேஸ்வரத்துக்காரரு கலாம் ஜெயிச்சப்பகூட நான் ஓட்டுப் போடலையே மாப்ள, அவரை யாருதான் தேர்ந்தெடுத்தா?"

பிள்ளைகள் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பேய்க்கரும்பில் அவருடைய நினைவிடத்தைத் தாண்டித்தான் தினமும் போய்வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு தாள், ஒரு பேனா, கைப்பேசியில் கால்குலேட்டர் இருந்தால் போதும், அரை மணி நேரத்தில் முழுக் கணக்கும் பிடிபட்டுவிடும்.

முதலில் யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 54ஆம் பிரிவு சொல்வது இதுதான்: மக்களவையிலும் மாநிலங்களவையிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்பிக்கள், அப்புறம் மாநிலச் சட்டமன்றங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்எல்ஏக்கள். டெல்லியும் புதுச்சேரியும் 1992இல் வந்த 70ஆவது திருத்தத்தால் சேர்ந்துகொண்டன. 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள், தேர்வில் சறுக்குவது இங்கேதான். மாநிலங்களவைக்கு நியமிக்கப்படும் 12 பேருக்கும் இதில் ஓட்டு கிடையாது, மேலவை உள்ள மாநிலங்களில் எம்எல்சிக்களுக்கும் கிடையாது. துணை ஜனாதிபதி தேர்தலோ வேறு மாதிரி, அதில் எம்எல்ஏக்களுக்கு வேலையே இல்லை, நியமன உறுப்பினர்கள் உட்பட எல்லா எம்பிக்களும் போடலாம், ஒவ்வொருவருக்கும் ஒரே ஓட்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 234 எம்எல்ஏக்கள், 39 மக்களவை எம்பிக்கள், 18 மாநிலங்களவை எம்பிக்கள். மொத்தம் 291 பேர். நம்ம மாவட்டத்தில் பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர் என்று நாலு தொகுதி. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் கரையோரம் இருக்கிற அத்தனை பேரும் அந்த நாலு பேர் வழியாகவும் ஒரு எம்பி வழியாகவும்தான் இந்தத் தேர்தலில் இருக்கிறோம்.

இப்போது முக்கியமான கணக்கு. எம்எல்ஏ போடுகிற ஒரு சீட்டு ஒரு ஓட்டாக எண்ணப்படுவதில்லை, அதற்கு ஒரு மதிப்பு உண்டு. மாநிலத்தின் மக்கள்தொகையை எம்எல்ஏ எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருகிற விடையை 1000ஆல் வகுக்க வேண்டும். மிச்சம் 500 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம், குறைந்தால் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மக்கள்தொகை என்றால் இன்றைய மக்கள்தொகை கிடையாது, 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. அந்த வருஷம் தமிழ்நாட்டில் 4,11,99,168 பேர். அதை 234ஆல் வகுங்கள், 1,76,064 வரும். 1000ஆல் வகுத்தால் 176, மிச்சம் 64. 500க்குக் குறைவு, விட்டுவிடுங்கள். ஆக, தமிழ்நாட்டு எம்எல்ஏ ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. மொத்தச் சட்டமன்றத்துக்கும் 234 பெருக்கல் 176, அதாவது 41,184.

கை பழகுவதற்காகப் பக்கத்து மாநிலத்தையும் போட்டுப் பாருங்கள். கேரளத்தில் 1971இல் 2,13,47,375 பேர், எம்எல்ஏக்கள் 140. வகுத்தால் 1,52,481. மிச்சம் 481, அரை ஆயிரத்துக்கு 19 குறைகிறது, அதனால் 153 ஆகாமல் 152லேயே நின்றுவிட்டது. சிக்கிமுக்கு நேர்மாறு: 2,09,843 பேரை 32ஆல் வகுத்தால் 6,557 வருகிறது, மிச்சம் 557, ஒன்று கூடி 7 ஆகிறது. இந்த இரண்டையும் நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால் மிச்ச விதி மறக்கவே மறக்காது. நம்ம எண்ணான 176 ஜார்க்கண்டுக்கும் அப்படியே வருகிறது, மகாராஷ்டிரத்துக்கு 175. நாட்டிலேயே பெரிய எண் உத்தரப் பிரதேசத்துடையது, 208.

இடையில் ஒரு எம்எல்ஏ இறந்துபோய்த் தொகுதி காலியாக இருந்தால் மற்றவர்களின் மதிப்பு கூடுமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. கூடாது. வகுப்பது சட்டமன்றத்தின் மொத்த இடங்களால், அன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களின் எண்ணிக்கையால் இல்லை. காலி இடத்தின் 176 சும்மா போய்விடும், அவ்வளவே. யாரோ ஒரு இடம் காலியாக இருந்தது என்று சொல்லித் தேர்தலைச் செல்லாது என்று வழக்குப் போடவும் முடியாது, 71ஆம் பிரிவில் அதற்கும் கதவை அடைத்துவிட்டார்கள்.

எம்பியின் மதிப்பு எப்படி? எல்லா மாநில எம்எல்ஏக்களின் மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்பிக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2022இல் எம்எல்ஏக்கள் பக்கம் 5,43,231, எம்பிக்கள் 776. வகுத்தால் 700. அதற்கு முந்தைய 2017 தேர்தலில் 708 இருந்தது, 2022இல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாததால் குறைந்தது. நாடு முழுக்க எம்பிக்கு ஒரே மதிப்புதான், உத்தரப் பிரதேச எம்பியானாலும் ராமநாதபுரம் எம்பியானாலும். இங்கே ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நம்ம மாவட்டத்தின் நாலு எம்எல்ஏக்களையும் சேர்த்தால் 704, நம்ம ஒரு எம்பி 700. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. மாநிலங்கள் ஒரு தட்டிலும் நாடாளுமன்றம் ஒரு தட்டிலும் சமமாக நிற்க வேண்டும் என்று 55ஆம் பிரிவு சொல்கிறதே, அது நம்ம ஊர்க் கணக்கிலேயே இப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது. (ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் அறந்தாங்கியும் திருச்சுழியும் சேரும், அவை வேறு மாவட்டம்.)

தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கு வேண்டுமென்றால் 2022க்கு இப்படி: எம்எல்ஏக்கள் 41,184, எம்பிக்கள் 57 பெருக்கல் 700, அதாவது 39,900. கூட்டினால் 81,084. நாட்டின் மொத்தம் 10,86,431. நூற்றுக்கு ஏழரை அளவுக்கு நம்ம பங்கு.

அமெரிக்கத் தேர்தல் படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு மாநிலம் முழுக்க ஒருவருக்கே போய்விடும் என்று இங்கேயும் பலர் நினைக்கிறார்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அப்படித்தான், முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் அத்தனை ஓட்டும். இங்கே அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 134 பேர் ஒருவருக்கும் 100 பேர் இன்னொருவருக்கும் போட்டால், முதலாமவருக்கு 23,584, இரண்டாமவருக்கு 17,600. தமிழ்நாடு 'யாருக்கு' ஓட்டுப் போட்டது என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை, எவ்வளவு எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும்.

சரி, ஓட்டுப் போடுகிற அன்று என்ன நடக்கும்? எம்எல்ஏக்கள் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போக வேண்டும். இயந்திரம் கிடையாது, சீட்டுதான். எம்எல்ஏக்களுக்கு இளஞ்சிவப்பு, எம்பிக்களுக்குப் பச்சை. சொந்தப் பேனாவைப் பயன்படுத்தக் கூடாது, ஊதா மை உள்ள தனிப் பேனாவைத் தேர்தல் ஆணையமே கொடுக்கும். சின்னம் இருக்காது, பெயர் மட்டும் இருக்கும், பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். 1 கட்டாயம், மற்றவை அவரவர் விருப்பம். எழுத்தால் 'ஒன்று' என்று எழுதினால் சீட்டு செல்லாது, இரண்டு பேருக்கு 1 போட்டாலும் செல்லாது, கையெழுத்து மாதிரி ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் எதையாவது போட்டாலும் செல்லாது. ஆனால் இந்திய மொழி எண்களை விதி அனுமதிக்கிறது, ஆகவே ஒரு தமிழ்நாட்டு எம்எல்ஏ ௧ என்று தமிழ் எண்ணில் எழுதினாலும் அது செல்லும். இதைச் சொன்னதும் அந்த மாமா முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

இன்னொன்று. இந்தத் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது, மாற்றிப் போட்டதற்காகக் கட்சித் தாவல் சட்டத்தில் பதவியைப் பறிக்கவும் முடியாது. ரகசிய ஓட்டு. ஆகவே உங்கள் எம்எல்ஏ யாருக்குப் போட்டார் என்று அவர் சொன்னால்தான் உண்டு.

அன்று சாயங்காலமே பெட்டி டெல்லிக்குப் போகும். 2022இல் விமானத்தில் முன் வரிசையில் 'மிஸ்டர் பேலட் பாக்ஸ்' என்ற பெயரில் தனி டிக்கெட் எடுத்து, பக்கத்து இருக்கையில் அதிகாரி உட்கார்ந்து கொண்டுபோனார்கள். எண்ணிக்கை நாடாளுமன்றத்தில். செல்லுபடியான ஓட்டு மதிப்பைக் கூட்டி, இரண்டால் வகுத்து, ஒன்று கூட்டினால் வருவதுதான் ஜெயிக்க வேண்டிய எண். 2022இல் திரௌபதி முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்கா 3,80,177. கூட்டினால் 10,56,980. பாதியும் ஒன்றும் 5,28,491. முதல் விருப்பத்திலேயே யாரும் அந்த எண்ணைத் தொடவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் 2 யாருக்குப் போட்டிருக்கிறதோ அவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 1969இல் வி.வி.கிரி அப்படித்தான் சஞ்சீவ ரெட்டியை வென்றார். மாமா சொன்ன அந்தக் கரையிலும், அதாவது இலங்கையிலும், சீட்டில் இதே மாதிரி 1, 2, 3 தான், ஆனால் அங்கே மக்களே போடுகிறார்கள், யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே தடவையில் நீக்கிவிடுவார்கள். 2024 செப்டம்பரில் அங்கே முதல் தடவையாக இரண்டாவது விருப்பத்தை எண்ணி அநுர குமார திசாநாயக்க ஜெயித்தார்.

2002 கணக்கையும் மாமாவுக்காகப் போட்டோம். கலாம் 9,22,884, லட்சுமி சேகல் 1,07,366. நேதாஜி படையில் ஜான்சி ராணி பிரிவை நடத்திய அதே கேப்டன் லட்சுமிதான், அவரும் சென்னையில் பிறந்தவர். இரண்டு பேரும் நம்ம மண்ணில் பிறந்தவர்கள், ஒருவர் நம்ம தீவு. அன்றைக்கும் தமிழ்நாட்டு எம்எல்ஏ ஓட்டுக்கு இதே 176தான்.

இப்போது நான் உண்மையிலேயே கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். ஏன் இன்னும் 1971? குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதனாலேயே பலம் இழக்கக் கூடாது என்று 1976இல் 42ஆவது திருத்தத்தில் எண்ணை உறைய வைத்தார்கள். பிறகு 84ஆவது திருத்தம் அதை நீட்டித்தது, 2026க்குப் பிறகு எடுக்கிற முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும் வரை. வெளியானால் என்ன ஆகும் என்பதை 2011 எண்களை வைத்தே பார்த்துவிடலாம். தமிழ்நாடு 7,21,47,030, வகுத்தால் 308. உத்தரப் பிரதேசம் 19,98,12,341, எம்எல்ஏக்கள் 403, வகுத்தால் 496. இப்போது அவர்களின் சட்டமன்ற மொத்தம் 83,824, நம்மைப் போல இரண்டு மடங்கு. 2011 எண்ணில் அது 1,99,888 ஆகும், நமக்கு 72,072, அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. நம்ம எண்ணும் 176இலிருந்து 308 ஆகக் கூடுகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், பங்கு குறைகிறது. நம்ம அம்மாக்களும் பாட்டிகளும் இரண்டு பிள்ளை போதும் என்று முடிவெடுத்ததற்கு அவர்களின் பேரப்பிள்ளைகள் விலை கொடுப்பது நியாயம் என்று எனக்குப் படவில்லை. தொகுதி மறுவரையறை பற்றிப் பேசுகிறவர்கள் மக்களவை இடங்களைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள், ஜனாதிபதி ஓட்டின் மதிப்பும் அதே கணக்கில்தான் தொங்குகிறது என்பதை யாராவது மேடையில் சொல்ல வேண்டும்.

அடுத்த தேர்தல் 2027 ஜூலைக்குள் வர வேண்டும், முர்முவின் பதவிக்காலம் அந்த மாதம் 24ஆம் தேதியோடு முடிகிறது. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்ட சமயமாக இருக்கும். எண்ணிக்கை நாளில் முதலில் எம்பிக்களின் சீட்டு, அப்புறம் மாநிலங்கள் ஆங்கில அகர வரிசையில் வரும். தமிழ்நாடு கடைசிப் பக்கம், 2022இல் முர்மு மூன்றாவது சுற்றிலேயே பாதியைத் தாண்டிவிட்டார், அதற்குப் பிறகுதான் நம்ம சீட்டுகள். தொலைக்காட்சியை அணைத்துவிடாமல் இருங்கள். தமிழ்நாடு என்ற வரியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை எம்எல்ஏ என்று போடுவார்கள். அதை 176ஆல் பெருக்குங்கள், செல்லாத சீட்டையும் வராதவர்களையும் 234இலிருந்து கழித்துச் சரிபாருங்கள், விடையைத் திண்ணைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். மாமா கரைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்.